டீஸ் அவுட்: சிக்கெடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் மின்னஞ்சல் ஒன்றைக் காட்டி, "அண்ணா, இதுல என்னைக் கிண்டல் பண்றாங்களா?" என்று கேட்டார். லண்டனில் இருக்கும் வாடிக்கையாளர் அனுப்பியது. "கேன் யூ டீஸ் அவுட் தி ரீசன்ஸ் ஃபார் தி டிலே?" என்று ஒரே வரி. தம்பிக்கு ரீசன் தெரியும், டிலே தெரியும். நடுவில் உட்கார்ந்திருந்த டீஸ்தான் வயிற்றைக் கலக்கிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் கேட்கிறாரா, தாமதத்தைச் சொல்லி நக்கலடிக்கிறாரா?

அதில் கிண்டல் எதுவும் கிடையாது. தாமதத்துக்குப் பல காரணங்கள் பின்னிக்கிடக்கும், அவற்றைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார். சொல்லப்போனால் மரியாதையான வரி. யார் தப்பு என்று கேட்காமல், விஷயம் சிக்கலானது என்று தானே ஒப்புக்கொண்டு கேட்டிருக்கிறார்.

தம்பியைக் குறை சொல்ல முடியாது. டீஸ் என்ற சொல் நம் ஊருக்கு வந்து சேர்ந்த வழி அப்படி. பெரும்பாலோருக்கு அது 'ஈவ் டீசிங்' என்ற செய்தித்தாள் சொல்லாகத்தான் அறிமுகம். தமிழ்நாட்டில் 1998இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. பிறகுதான் அதைப் பெண்களைத் துன்புறுத்துதல் என்று மாற்றினார்கள். (மாற்றியது நல்லது. செய்கிற அக்கிரமத்துக்குச் சீண்டல் என்று செல்லப் பெயர் எதற்கு?) அப்புறம் சினிமா டீசர் வந்தது. படத்தைக் காட்டாமல் படத்தின் ஆசையை மட்டும் காட்டுவது. ஆகச் சீண்டுவது, ஆசை காட்டுவது என்ற இரண்டு பொருளும் நமக்கு அத்துப்படி. இந்த இரண்டுக்கும் மூத்த பொருள் ஒன்று இருக்கிறது. அதுதான் அந்த மின்னஞ்சலில் வந்தது.

ஆட்டு உரோமத்தில் தொடங்கிய சொல்

பழைய ஆங்கிலத்தில் டீஸ் என்றால் ஆட்டு உரோமத்தை இழை இழையாகப் பிரிப்பது. ஆட்டிலிருந்து அப்போதுதான் கத்தரித்த உரோமத்தைப் பார்த்திருந்தால் இந்த வேலை ஏன் தேவை என்று தெரியும். எண்ணெய்ப் பிசுக்கு, முள், புல், காய்ந்த சாணத் துணுக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டு, இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சுற்றிக் கிடக்கும். அதை அப்படியே நூற்க முடியாது. வெடுக்கென்று இழுத்தால் இழை அறும். அறுந்த குட்டை இழையில் நல்ல நூல் வராது. ஆகையால் விரலாலும் சீப்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பிரிப்பார்கள். ஆளைச் சீண்டுவது என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. இழையை விடாமல் பிடித்து இழுப்பது போல ஆளை விடாமல் பிடித்து நோண்டுவது.

இதே வேரில் பிறந்த இன்னொரு பெயர் 'டீசல்'. வண்டிக்கு ஊற்றுகிற டீசல் வேறு. இது ஒரு முட்செடி. அதன் பூக்கொண்டை காய்ந்த பிறகு அடர்த்தியான சீப்பு போல ஆகிவிடும். பயிரிடுகிற வகையில் ஒவ்வொரு முள்ளின் நுனியும் கொக்கி போல வளைந்திருக்கும். நெய்து முடித்த கம்பளித் துணியின் மேல் இதைத் தேய்த்தால், உள்ளே படுத்துக்கிடக்கும் இழைகளின் நுனிகள் எழும்பி, துணி மெத்தென்று ஆகும். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் இதைப் பயிராகவே வளர்த்தார்கள். லண்டனில் 1528இல் உருவான குளோத்வொர்க்கர்ஸ் கம்பெனி என்ற துணி வேலையாட்களின் சங்கத்துக்கு ஒரு சின்னம் உண்டு. அதிலும் இந்த முட்கொண்டை இருக்கிறது.

பிற்பாடு இரும்புக் கம்பிப் பற்கள் வந்தன. ஆனாலும் நயமான துணிக்கு இந்தச் செடியைத் தேடிப்போனவர்கள் இருந்தார்கள். காரணம் எளிமையானது. துணியில் ஓரிடத்தில் முடிச்சு குறுக்கிட்டால் கம்பி துணியைக் கிழித்துவிடும். செடியின் முள்ளோ தானே ஒடிந்துவிடும். துணிக்கு ஒன்றும் ஆகாது.

டீஸ் அவுட் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல படம் கிடைத்ததில்லை. எதைப் பிரிக்கிறோமோ அது கெடக்கூடாது. விட்டுக்கொடுக்க வேண்டியது பிரிக்கிற கைதான்.

ஒரு சின்ன இடைச்செருகல். ஆளிச் செடியின் நாரைச் சீவுகிற முள்சீப்புக்கு ஆங்கிலத்தில் 'ஹெக்கிள்' என்று பெயர். மேடையில் பேசுகிறவரை இடைமறித்து, குதர்க்கமாகக் கேள்வி கேட்டுக் குடைவதற்கும் அதே சொல்தான். நாரைச் சீவுகிற இரண்டு சொற்கள், இரண்டுமே ஆளை நோண்டுவதில் போய் முடிந்திருக்கின்றன.

தமிழுக்கு இது புதிதா? 'கிண்டல்' என்பதைப் பாருங்கள். கிண்டுவது அல்வாவுக்கும் ஆகும், கிளறிக் கிளறிக் கேள்வி கேட்பதற்கும் ஆகும், ஆளைக் கேலி செய்வதற்கும் ஆகும். டீஸின் குடும்பக் கதை நம் வீட்டிலும் நடந்திருக்கிறது.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

அகராதியில் பிரித்தெடுத்தல் என்று போட்டிருக்கும். தப்பில்லை, ஆனால் பாதிதான். அதை மட்டும் நம்பி எழுதினால் இப்படி எழுத நேரும்: "மை மதர் டீஸ்ட் அவுட் தி ஸ்டோன்ஸ் ஃப்ரம் தி ரைஸ்." அம்மா அரிசியில் கல் பொறுக்கினார் என்று சொல்ல வந்தது. இலக்கணம் சரி, ஆனால் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் காதுக்கு இது ஒட்டாது. கல் அரிசியோடு பின்னிக்கொண்டிருக்கவில்லை, சும்மா கலந்துகிடக்கிறது. கண்ணில் பட்டால் எடுத்துப் போடலாம். அதற்குப் 'பிக் அவுட்' போதும். குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிப்பதும் இதில் வராது. அங்கே 'செப்பரேட்' அல்லது 'சார்ட்' வரும்.

டீஸ் அவுட் வேண்டுமென்றால் முதலில் சிக்கு இருக்க வேண்டும். ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் கூடவே வருகிற சிக்கு. அடுத்து, அவசரப்பட்டால் கெட்டுப்போகும் என்ற நிலை இருக்க வேண்டும். கடைசியாக, வெளியே வரப்போவது ஏற்கெனவே உள்ளே இருந்ததாக இருக்க வேண்டும். நாமாகப் புதிதாக உண்டாக்குவதற்கு இந்தச் சொல் ஆகாது. "நல்ல யோசனை ஒன்றை டீஸ் அவுட் செய்தேன்" என்றால், யாரோ ஒருவர் பேச்சிலோ ஏதோ ஒரு கட்டுரையிலோ மங்கலாகக் கிடந்த யோசனையை வெளியே கொண்டுவந்தேன் என்று பொருள். நீங்களே உட்கார்ந்து சொந்தமாக யோசித்திருந்தால் 'கேம் அப் வித்' என்று சொல்லிக்கொள்ளுங்கள், பெருமையாவது மிஞ்சும்.

கைவேலையில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. தோட்டக்கலை வீடியோக்களில், அதுவும் பிரிட்டிஷ்காரர்கள் பேசுவதில், அடிக்கடி காதில் விழும்: "ஜென்ட்லி டீஸ் அவுட் தி ரூட்ஸ்." நர்சரியில் வாங்கிய செடி பையிலேயே ரொம்ப நாள் இருந்துவிட்டால் வேர் போக இடமில்லாமல் பையின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றிக்கொள்ளும். அப்படியே நட்டால் பெரிய குழியில் வைத்தும் அது பழைய வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் நடும் முன் வேர்ப்பந்தை விரலால் மெல்லத் தளர்த்தி, நுனிகளை வெளிப்பக்கம் எடுத்துவிட வேண்டும். பிய்த்தால் செடி வாடும், விட்டுவிட்டால் வேர் பரவாது. நடுவில் இருக்கிற அந்தப் பதமான வேலைக்குத்தான் இந்தச் சொல். 'ஜென்ட்லி', 'கேர்ஃபுல்லி', 'ஸ்லோலி' போன்ற சொற்கள் இதனோடு ஒட்டிப் பிறந்தது போல வருவதைக் கவனியுங்கள். 'குயிக்லி டீஸ் அவுட்' என்று படித்தால் எனக்கு இட்லியைச் சுத்தியலால் உடைத்தது போல இருக்கும்.

கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு இன்னொரு உதாரணம் கைவசம் இருக்கும். பூஞ்சையைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூ ஒரு சொட்டு விட்டு, இரண்டு ஊசிகளால் அந்த இழைக்கொத்தைப் பிரித்துவிட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயரே 'டீஸ் மவுண்ட்'. பிரிக்காமல் வைத்தால் நீலமாக ஒரு கட்டிதான் தெரியும். முரட்டுத்தனமாகப் பிரித்தால் வித்துகள் தாங்கி நிற்கும் காம்பு ஒடிந்து, எது எதிலிருந்து வந்தது என்றே தெரியாது. பரீட்சைக்கு அவசர அவசரமாக ஊசியால் குத்தியவர்களுக்கு இந்த வலி தெரியும்.

கையிலிருந்து கருத்துக்கு

இந்தச் சொல்லைக் கம்பளிக்கும் வேருக்கும் பயன்படுத்துவதைவிட, கண்ணுக்குத் தெரியாத சிக்குகளுக்குப் பயன்படுத்துவதே இன்று அதிகம். அர்த்தம், காரணம், உண்மை, வேறுபாடு, போக்கு, விவரம் என்று எதையும் டீஸ் அவுட் செய்யலாம். "டீஸ் அவுட் தி மீனிங்" என்றால் ஒரு கடினமான பத்தியை அவசரப்படாமல் படித்து, உள்ளே மடிந்து கிடக்கும் அர்த்தத்தை வெளியே எடுப்பது.

கையும் கருத்தும் ஒரே இடத்தில் சந்திக்கிற கதை ஒன்று உண்டு. கி.பி. 79இல் இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் என்ற ஊரில் ஒரு மாளிகையின் நூலகம் புதைந்தது. பப்பைரஸ் என்ற கோரைத் தாளில் எழுதிய சுருள்கள் எல்லாம் கரிக்கட்டையாகிவிட்டன. 18ஆம் நூற்றாண்டில் அவற்றைத் தோண்டி எடுத்தபோது, அந்தோனியோ பியாஜோ என்ற பாதிரியார் ஒரு கருவி செய்தார். சுருளின் ஓரத்தைப் பட்டு நூல்களில் கட்டித் தொங்கவிட்டு, அதன் எடையாலேயே இம்மி இம்மியாக விரியவைப்பது. ஒரு சுருளுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். டீஸ் என்ற சொல்லின் பழைய, கைவேலைப் பொருள் இதுதான். அப்படியும் பல சுருள்கள் பொடிந்தன.

இப்போது சுருளைத் தொடுவதே இல்லை. எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்து, கணினியிலேயே விரித்துப் பார்க்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் மையும் கரி, எரிந்த பப்பைரஸும் கரி. கரிக்குள் கரியைத் தேட வேண்டும். 2023இல் இயந்திரக் கற்றல் உதவியோடு, திறக்காத ஒரு சுருளுக்குள்ளிருந்து ஒரு கிரேக்கச் சொல்லை முதன்முதலாகப் படித்தார்கள். ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல். இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நான் யோசிக்காமல் போடுகிற வினை, டீஸ்ட் அவுட்.

ஆட்களிடமிருந்து விஷயத்தை வாங்குவதற்கும் இது வரும். அப்போது அவுட் கூடவே 'ஆஃப்' சேர்ந்துகொள்ளும்: "ஷீ டீஸ்ட் தி ட்ரூத் அவுட் ஆஃப் ஹிம்." தமிழில் இதற்கு அச்சு அசலாக ஒரு வழக்கு இருக்கிறது: பேச்சுக் கொடுத்து வாங்குவது. மாமியார் வீட்டுக்குப் போய் வந்த மகளிடம் அம்மா நேராக எதையும் கேட்க மாட்டார். "அந்தக் கோழிக் குழம்பு எப்படிம்மா வெச்சாங்க?" என்று எங்கோ தொடங்கி, பத்து நிமிடத்தில் அங்கே யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை வாங்கிவிடுவார். அதுதான். மிரட்டி வாங்கினால் டீஸ் அவுட் ஆகாது. தூண்டிவிட்டு, கோபப்படுத்தி வாயைப் பிடுங்குவதும் ஆகாது. சூழ்ச்சியாகக் குடைந்து வாங்குவதற்கு 'வார்ம் அவுட்' என்று வேறொன்று வைத்திருக்கிறார்கள். புழு போல நெளிந்து உள்ளே போவது.

டீஸ் அபார்ட்: ஒரு லண்டன் குடிநீர்க் கதை

அவுட் என்ற வாலைக் கழற்றிவிட்டு அபார்ட் என்ற வாலை மாட்டினால் பொருள் லேசாகத் திரும்புகிறது. டீஸ் அவுட்டில் குவியலுக்குள்ளிருந்து ஒன்றை வெளியே எடுக்கிறோம். டீஸ் அபார்ட்டில் ஒட்டிக்கிடக்கும் இரண்டை, அல்லது பலவற்றை, ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைக்கிறோம். இரண்டுமே நமக்கு வேண்டும். அறிவியல் எழுத்தில் "டிஃபிகல்ட் டு டீஸ் அபார்ட்" என்ற தொடரைப் பார்க்காமல் பத்துக் கட்டுரை படிக்க முடியாது.

ஏன் அறிவியலுக்கு இது இவ்வளவு பிடித்தது என்பதற்கு 1854ஆம் ஆண்டு லண்டனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஊரில் காலரா. கெட்ட காற்றால்தான் நோய் பரவுகிறது என்று மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவரோ தண்ணீர்தான் காரணம் என்றார். எப்படி நிரூபிப்பது? ஏழைகள் வசிக்கும் தெருவில் காற்றும் நாற்றம், தண்ணீரும் அழுக்கு, வீடும் நெரிசல், சாப்பாடும் போதாது. பணக்காரத் தெருவில் எல்லாமே நன்றாக இருக்கும். எந்த இழையை இழுத்தாலும் மற்ற இழைகளும் சேர்ந்தே வரும். இதைவிடப் பெரிய சிக்கு உண்டா?

ஸ்னோவுக்குத் தெற்கு லண்டனில் ஒரு வழி கிடைத்தது. அங்கே இரண்டு தண்ணீர் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே தெருக்களில் குழாய் பதித்திருந்தன. ஒரு வீட்டுக்கு லாம்பெத் கம்பெனித் தண்ணீர், பக்கத்து வீட்டுக்கு சவுத்வர்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனித் தண்ணீர். தெரு ஒன்று, காற்று ஒன்று, வருமானமும் ஏறக்குறைய ஒன்று. வேறுபட்டது தண்ணீர் மட்டும்தான். லாம்பெத் கம்பெனி 1852இல் தண்ணீர் எடுக்கும் இடத்தைத் தேம்ஸ் ஆற்றின் மேல்பக்கம், லண்டன் சாக்கடை கலக்காத இடத்துக்கு மாற்றியிருந்தது. மற்றது ஊருக்குள்ளேயே, பாட்டர்சியில், சாக்கடை கலந்த ஆற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் கால்நடையாகத் தேடல். காலராவால் சாவு விழுந்த வீடு வீடாகப் போய், உங்களுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்க வேண்டும். பலருக்குத் தெரியவில்லை, தண்ணீர்க் கட்டணம் கட்டுவது வீட்டுச் சொந்தக்காரர். அதற்கும் ஒரு வழி கண்டார். பாட்டர்சித் தண்ணீரில் உப்பு அதிகம். வீட்டிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வாங்கி வந்து சில்வர் நைட்ரேட் விட்டால், உப்புத் தண்ணீர் வெள்ளையாகத் திரளும். எந்தக் கம்பெனி என்று தண்ணீரே சொல்லிவிடும்.

அந்தக் கொள்ளைநோயின் முதல் ஏழு வாரத்தில் சவுத்வர்க் அண்ட் வாக்ஸ்ஹால் தண்ணீர் போன 40,046 வீடுகளில் 1,263 சாவுகள். லாம்பெத் தண்ணீர் போன 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் 315க்கு 37. காற்றும் தண்ணீரும் வெவ்வேறு இழைகளாகக் கையில் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொல்லலாம்: "ஸ்னோ டீஸ்ட் அபார்ட் தி எஃபெக்ட்ஸ் ஆஃப் ஏர் அண்ட் வாட்டர்." இந்த வரியில் 'செப்பரேட்டட்' என்று போட்டாலும் பொருள் வரும். ஆனால் வீடு வீடாக ஏறி இறங்கிய கால்வலி அதில் வராது.

வாக்கியத்தில் எப்படி உட்காரும்

இலக்கணம் சுருக்கமாக. டீஸ் அவுட்டின் இரண்டு துண்டுகளும் ரயில் பெட்டி போலக் கழன்று நிற்கும். "டீஸ் அவுட் தி ஆன்சர்" என்றும் சொல்லலாம், "டீஸ் தி ஆன்சர் அவுட்" என்றும் சொல்லலாம். ஆனால் பெயருக்குப் பதில் இட், தெம் என்று வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும்: "டீஸ் இட் அவுட்." "டீஸ் அவுட் இட்" என்றால் எந்த ஆங்கிலக்காரர் காதும் சுளிக்கும். செயப்படுபொருள் நீளமான தொடராக இருந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவது நல்லது. நடுவில் எட்டுச் சொல்லைச் செருகிவிட்டு அப்புறம் தனியாக ஓர் அவுட் வந்தால் படிக்கிறவர் அதற்குள் டீஸ் என்பதைக் கேலி என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அதுதான் உண்மையான ஆபத்து. அவுட்டை விட்டுவிட்டால் பொருள் தலைகீழாகிறது. "ஐ டீஸ்ட் தி மேனேஜர்" என்றால் மேனேஜரைக் கேலி செய்தேன். "ஐ டீஸ்ட் தி டீடெயில்ஸ் அவுட் ஆஃப் தி மேனேஜர்" என்றால் அவரிடம் பேச்சுக் கொடுத்து விவரம் வாங்கினேன். மேனேஜருக்குப் படிக்கக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று கேட்டால், அறிக்கை, கட்டுரை, கூட்டம், நேர்காணல் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். பேச்சிலும் வரும், ஆனால் கொஞ்சம் யோசித்துப் பேசுகிற பேச்சில். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கேட்கும்போது தேவைப்படாது.

இதன் பங்காளிகளோடு குழப்பிக்கொள்வது சகஜம். 'சார்ட் அவுட்' என்றால் பிரச்சினையைத் தீர்த்துவைப்பது. டீஸ் அவுட் செய்தால் பிரச்சினை புரியும், தீர்ந்துவிடும் என்று உறுதி கிடையாது. 'வீட் அவுட்' களை பிடுங்குவது: வேண்டாததைக் கண்டு வெளியே எறிவது. இங்கே திசையைக் கவனியுங்கள். வீட் அவுட்டில் வெளியே வருவது குப்பைக்கு, டீஸ் அவுட்டில் வெளியே வருவது பெரும்பாலும் நமக்கு வேண்டியது. பெரும்பாலும் என்று ஏன் சொன்னேன் என்றால், "டீஸ் அவுட் தி நாட்ஸ்" என்று முடியின் சிக்கையும் சொல்வார்கள். அங்கே போக வேண்டியதுதான் வெளியே வருகிறது. நாமும் சிக்கெடுத்தல் என்றுதானே சொல்கிறோம். 'சிஃப்ட் த்ரூ' சலிப்பது, நிறையக் கிடப்பதில் தேடுவது. முறத்தில் புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்று தமிழ் தனித்தனியாக வைத்திருக்கும் வேலைகளையெல்லாம் நினைத்தால் இந்த விஷயத்தில் ஆங்கிலம் கொஞ்சம் ஏழைதான்.

தமிழில் என்ன போடுவது

மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள் என்னிடம் கேட்பது இது. ஒரே சொல்லால் எல்லா இடத்தையும் அடைக்கப் பார்க்காதீர்கள். வேருக்கும் முடிக்கும் 'சிக்கெடுத்து', 'மெல்லப் பிரித்துவிட்டு'. ஆளிடம் வாங்கும்போது 'பேச்சுக் கொடுத்து வாங்கி'. காரணங்களுக்கு 'ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து'. அர்த்தத்துக்கு 'துருவி எடுத்து' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் தேங்காய்த் துருவலின் வேகம் தெரிகிறது, அதனால் தவிர்ப்பேன்.

நம்மிடம் பழைய சொல் ஒன்று அநியாயமாகச் சும்மா கிடக்கிறது: பன்னுதல். கொட்டை நீக்கிய பஞ்சை விரலால் இழுத்து இழுத்து நொய்தாக்குவது பன்னுதல். ஒன்றை நெருங்கி ஆராய்ந்து பேசுவதும் பன்னுதல்தான். 'பன்னிப் பன்னிச் சொன்னேன்' என்ற வழக்கில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புறநானூற்றின் 125ஆம் பாட்டில் பருத்தி நூற்கும் பெண்ணின் கையில் இருக்கும் பஞ்சுக்குப் பெயர் பனுவல். பின்னால் அதே பனுவல் புத்தகத்துக்குப் பெயரானது. நூல் என்ற சொல்லும் அப்படித்தான் இழையிலிருந்து ஏட்டுக்கு ஏறியது. நன்னூல் பாயிரம் இதை விரித்தே வைக்கிறது: சொல் பஞ்சு, புலவர் நூற்கிற பெண், வாய் அவள் கை, அறிவு நூல் நூற்கிற கதிர். ஆங்கிலம் ஆட்டு உரோமத்தில் கற்றதைத் தமிழ் பருத்தியில் கற்றிருக்கிறது. ஆய்தலும் அப்படி ஒரு சொல்தான். முருங்கைக்கீரை ஆய்கிறவரும் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவரும் ஒரே வினையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கீரை ஆய்கிறவர் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு சலூனில், அதுவும் அமெரிக்காவில், முடியை 'டீஸ்' செய்யட்டுமா என்று கேட்டால் சிக்கெடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள். 1960களில் தேன்கூடு போல உயர்ந்து நின்ற கொண்டைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சீப்பை நுனியிலிருந்து வேர்ப்பக்கம் தலைகீழாக வாரி, முடியை வேண்டுமென்றே சிக்காக்கி மேலே தூக்கி நிறுத்துவது அது. அதற்கும் பெயர் டீஸ்தான். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, எண்ணெய் தொட்டு நீங்கள் செய்யப்போகிற வேலைக்குப் பெயர் டீஸ் அவுட்.